கடை திறப்பதற்குள் அம்மாவைத் தேடிய ஆறு பேர்

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சியில் நடந்தது இது. எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளிவாகும். அதனால் அன்று நடந்ததை முதலில் அப்படியே தருகிறேன்.

1. காலை ஒன்பதரைக்கு நானும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம்.
2. கண் பரிசோதனை முகாமுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு முகாமே இல்லை.
3. பத்து மணிக்கு, குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் வாரம் ஒருமுறை கூடும் ஒரு மாடி அறையில் அம்மாவை உட்கார வைத்தேன்.
4. பத்து பத்துக்கு, பாத்ரூம் போய்விட்டு வருவதாகச் சொல்லி அம்மா கீழே இறங்கினாள்.
5. பத்தரை வரை திரும்பவில்லை. அவளுடைய போன் என் பையில் இருந்தது.
6. பதினொன்றுக்கு, முன்பின் அறியாத ஆறு ஆண்கள் என் அம்மாவைத் தேட ஆரம்பித்தார்கள்.
7. பன்னிரண்டே காலுக்கு, காணாமல் போனவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

வீட்டில் குடிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்றால் எல்லாரும் அப்பாவைத்தான் நினைப்பார்கள். என் அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். டீயைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர். குடித்தது அம்மாதான்.

அம்மா கரும்பு வெட்டப் போகிறவள். விடியலில் வயலில் இறங்கினால் பொழுது சாயும்வரை குனிந்த முதுகு நிமிராது. சோகை என்கிற கரும்பு இலை கிழித்துக் கை முழுக்கக் கோடு கோடாக இருக்கும். வேலை முடிந்ததும் உடம்பு வலிக்கு என்று மேஸ்திரி ஆண்களுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுப்பது அந்த வேலையில் வழக்கம். பெண்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள். அம்மா அப்படித்தான் ஆரம்பித்தாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அது வேலை நாளில் மட்டும். டிப்ளமோ முடித்தபோது வேலை இல்லாத நாளிலும். எனக்கு ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்த வருடம், காலையில் கை நடுங்காமல் அவளால் வாசலில் கோலம் போட முடியவில்லை.

ஆண் குடித்தால் தெருவே பேசும். பெண் குடித்தால் வீட்டுக்குள்ளேயே யாரும் பேச மாட்டார்கள். அப்பா தெரியாதது போல இருந்தார். நானும் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் சாற்றின் இனிப்பை அளந்து எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டில் தேதி, நேரம், அளவு என்று மூன்று பத்தி போட்டு எழுத ஆரம்பித்தேன். அடுக்களைப் பரணில் ஒளித்து வைத்திருந்த பாட்டிலில் மார்க்கரால் சின்னக் கோடு போட்டு, மறுநாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். மூன்று மாதம் எழுதினேன். அதனால் எதுவும் மாறவில்லை.

வருடா வருடம் தை மாதத்தில் அம்மா சிவப்புச் சேலை கட்டி மாலை போடுவாள். மாலை கழுத்தில் இருக்கும்வரை தொட மாட்டாள். அதைப் பார்த்து, நினைத்தால் இவளால் நிறுத்த முடியும், நினைக்கத்தான் மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம் இருந்தது. அந்த வருடம் பதினோராம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது மாலை சாமி படத்து ஆணியில் தொங்கியது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பிறகு வயிற்று வலி என்று அரசு மருத்துவமனைக்குப் போனபோது, கல்லீரல் வீங்கியிருக்கிறது, உடனே நிறுத்தியாக வேண்டும், தனியாக முயலாமல் இங்கே வந்து சேர்ந்து நிறுத்துங்கள் என்றார்கள். அம்மா தலையாட்டினாள். அன்று சாயங்காலம் பாட்டிலில் கோடு வழக்கம் போல இறங்கியிருந்தது.

நான் போனில் தேட ஆரம்பித்தேன். சேலத்தில் கூட்டம் இருந்தது. விழுப்புரத்தில் இருந்தது. புதுச்சேரியில் நிறைய இருந்தது. கள்ளக்குறிச்சிக்கு ஒரே ஒரு வரி, ஒரே ஒரு எண். கூப்பிட்டேன். தையல் மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே ஒருவர் பேசினார்.

"யாருக்குமா?"

"எங்க வீட்ல ஒருத்தருக்கு."

"அவரு வரேன்னு சொன்னாரா? அவரே சொல்லணும். நாம இழுத்துக்கினு வந்தா குந்த மாட்டாங்க."

"வரேன்னு சொல்லிட்டாங்க" என்றேன். அம்மாவிடம் நான் அதுவரை பேசவே இல்லை.

முந்தின நாள் சனிக்கிழமையே போய் இடத்தைப் பார்த்து வந்தேன். ஒரு ஜெராக்ஸ் கடை, அதற்கு மேலே டியூஷன் நடத்தும் அறை. போர்டு எதுவும் இல்லை. பெயர் வெளியே தெரியாமல் வந்து போகிற இடத்துக்கு எப்படி போர்டு வைப்பார்கள்? ஜெராக்ஸ் கடைக்காரரிடம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சண்டே கூட்டமா? நாளைக்குப் பத்து மணிக்கு. செருப்ப மேல வுடுங்க, கீழ வுட்டா காணாம பூடும்" என்றார்.

வழி, நேரம், பஸ் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. அம்மாவைக் கேட்பது மட்டும்தான் பாக்கி. கேட்டால் மாட்டேன் என்பாள் என்று நானே முடிவு செய்து, கண் முகாம் என்று சொன்னேன். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஆய்வுக்கூடத்தில் சாம்பிளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாடியில் ஆறு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். போனில் பேசிய தையல்காரர் எங்களைப் பார்த்ததும் என் பின்னால் இன்னொருவரைத் தேடினார். யாரும் வரவில்லை என்றதும் புரிந்துகொண்டார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா கண் டாக்டரைத் தேடினாள். சுவரில் எழுத்து அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவர் பேச ஆரம்பித்தார். குடித்துவிட்டு மகளின் காதுகுத்துக்குப் போகாமல் ரோட்டோரம் விழுந்து கிடந்ததைச் சொன்னார். இரண்டாவது ஆள் பேச வாயெடுத்தபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்று எழுந்தாள். அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் சொல்லப்பட்ட இரண்டாவது பொய் அது.

இருபது நிமிடம் கழித்து நான் கீழே ஓடினேன். ஜெராக்ஸ் கடைக்காரர், ஒரு அம்மா வேகமாக ரோட்டுப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரை போய், நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிப் பார்த்துவிட்டு மாடிக்குத் திரும்பினேன். நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அன்றும் அழவில்லை. ஆனால் கண் முகாம் என்று பொய் சொன்னதை அவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டபோது குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. தையல்காரர் மணியைப் பார்த்தார். "பதினொண்ணு. பிராந்திக் கடை தொறக்க இன்னும் ஒன் ஹவர் கீது."

உளுந்தூர்பேட்டையிலிருந்து வருகிற லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். "கடை தொறக்குற டைம் எனக்குக் கல்யாண தேதிய வுட நல்லா ஞாபகம் கீதுமா. அதுக்கு முன்ன புடிச்சிடலாம்" என்றார்.

கடை திறக்கும்வரை காத்திருப்பாள் என்று என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கடை திறக்காத நேரத்தில் கிடைக்கிற கள்ளச்சாராயம் எப்படிப்பட்டது, அதைக் குடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

தையல்காரர் ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். எந்த ரோட்டில் எந்தக் கடை, எதற்குப் பின்சந்து உண்டு, எந்தக் கடைக்கு எதிரே நிழல் இருக்கிறது, பெண்கள் எங்கே ஒதுங்கி நிற்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு பேர். நானும் பட்டியல் போடுகிறவள்தான். அவ்வளவு சரியான பட்டியலை நான் போட்டதில்லை.

"எதுக்கு ரெண்டு ரெண்டு பேரு? தனித்தனியாப் போனா சீக்கிரம் பாத்துடலாமே" என்றேன்.

 மூலையில் நின்றிருந்த கொத்தனார்தான் பதில் சொன்னார். முப்பத்தைந்து வயது இருக்கும். குடியை விட்டு இருபத்து மூன்று நாள்தான் ஆகிறது என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

"கடையாண்ட நாங்க தனியா நிக்க மாட்டம் மேடம்" என்றார்.

அப்போதுதான் நான் இவர்களை எங்கே அனுப்புகிறேன் என்பது எனக்கு விளங்கியது. எந்த வாசலுக்குப் போகாமல் இருக்க வருடக்கணக்கில் வேறு தெரு சுற்றி வீட்டுக்குப் போனார்களோ, அந்த வாசலுக்கே என் பொய்யால் போகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமும் வரவில்லை, தைரியமும் இல்லை.

ஒருவர் மாடியிலேயே இருந்தார், அம்மா திரும்பி வந்தால் அறை காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக. இரண்டு பேர் சேலம் ரோட்டுப் பக்கம் போனார்கள். டிரைவரும் கொத்தனாரும் கச்சிராயபாளையம் ரோட்டுக்கு. தையல்காரர் என்னோடு வந்தார். மார்க்கெட், கோயில் வாசல், மலைக்குப் போகும் பஸ் நிற்கும் இடம் என்று பார்த்தோம். போகும் வழியில் அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அம்மா சேலை என்ன நிறம் என்று மட்டும் கேட்டார். மாம்பழக் கலர், பச்சைக் கரை என்றேன். "கண்ணு டெஸ்டுக்கா இவ்ளோ நல்ல சேல" என்றார். 

பன்னிரண்டே காலுக்குத் தையல்காரருக்கு டிரைவரிடமிருந்து போன் வந்தது. எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாகப் பேசினார்.

"தோ, பின்சந்தப் பாத்துட்டு வரேன், இங்கியே நில்லுன்னு சொல்லிட்டுப் போனன். ரெண்டு நிமிசம்தான் இருக்கும். வந்து பாத்தா ஆளக் காணோம். கடையும் தொறந்துட்டான்."

"யாரு, அந்தம்மாவா?"

"அந்தம்மாவ நான் பாக்கவே இல்லப்பா. கொத்தனாரக் காணோம்."

தையல்காரர் முகம் அன்று முதல் முறையாக மாறியது. நாங்கள் ஆட்டோ பிடித்துப் போனோம். அந்த ஐந்து நிமிடப் பயணத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா போய்விட்டாள். இருபத்து மூன்று நாள் தாக்குப்பிடித்த ஒரு மனிதரும் என்னால் போய்விட்டார். அவருக்கு மனைவி இருக்கிறாளா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த இரண்டு நிமிடத்தில் நடந்ததை அம்மாவும் கொத்தனாரும் பிறகு தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின. அதனால் நம்பி எழுதுகிறேன்.

பெண்கள் கடைக் கவுண்டரில் போய் நிற்பதில்லை. சற்றுத் தள்ளி நின்று, பார்க்க நல்லவராகத் தெரிகிற ஆணிடம் காசைக் கொடுத்து வாங்கித் தரச் சொல்வார்கள். அம்மா ஒரு மணி நேரமாக அந்த ரோட்டில் ஒரு மூடிய கடையின் பின்னால் நின்றிருக்கிறாள். ஷட்டர் ஏறியதும் வெளியே வந்து, எதிரில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவரிடம் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மாடியில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்ததால் அவர் முகம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, ஒரு குவாட்டர் வாங்கிக் குடு."

கொத்தனார் அவள் நீட்டிய ரூபாய் நோட்டைப் பார்த்தாராம். பிறகு கடையைப் பார்த்தாராம். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம்.

"யக்கா, அத உள்ள வையி. உனக்கு ஒண்ணு வாங்கப் போனா எனக்கு ரெண்டு வாங்கிக்கினு வருவன்."

"நல்ல ஆளுய்யா நீ. கடைக்கு எதிர்ல நின்னுக்கினு வாங்க மாட்டன்ற?"

"உன்னத் தேடிக்கினுதான் நிக்கிறன். மாடில பாத்தனே. உன்னத் தேட வந்த எடத்துல நான் குடிச்சிட்டன்னு வெச்சிக்க, எம் பொண்டாட்டி உன் வூட்டாண்ட வந்து சண்ட போடுவா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் கை பின்னால் நடுங்குவதைப் பார்த்தாள். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்த நடுக்கம். காலையில் கோலப்பொடியைச் சிந்த வைக்கிற அதே நடுக்கம்.

"இன்னா, ரொம்ப இழுக்குதா?"

"டிரைவரண்ணன் இப்ப வந்துடுவாரு. அவரு வர்ற வரைக்கும் நின்னுட்டன்னா போதும்."

"அவரு வர்ற வரைக்கும் இன்னாத்துக்கு இங்க நிக்கிற? வா அந்தாண்ட" என்று சொல்லிவிட்டு அம்மா முன்னால் நடந்திருக்கிறாள். அவர் பின்னால் நடந்திருக்கிறார்.

நாங்கள் பார்த்தபோது இருநூறு அடி தள்ளி ஒரு டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை ஜாஸ்தி போட்ட இரண்டு டீ. இரண்டு டம்ளரும் ஆடிக்கொண்டிருந்தன. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "யோவ், நீ போன்ல சொல்லிட்டுத் தொலைய மாட்ட?" என்று கொத்தனாரைத் திட்டினார். திட்டிக்கொண்டே இன்னொரு டீ சொன்னார்.

நான் அம்மாவின் எதிரே நின்றேன். மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் மனசுக்குள் மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"கண்ணு டெஸ்டுன்னியே பாப்பா" என்றாள் அம்மா. "நெசமாவே எனக்குக் கண்ணு தெரியலடி. ஊசில நூலு கோக்க முடியல. கண்ணாடி போட்டுக்கலாம்னு ஆசயா வந்தன்."

குடிக்கிறாள் என்று மூன்று மாதம் அளவெடுத்து எழுதினேன். அவளுக்குக் கண் தெரியவில்லை என்பது என் நோட்டில் எங்கேயும் இல்லை.

"இனிமே பொய் சொல்ல மாட்டேன்மா" என்றேன்.

"நானுந்தான் பாத்ரூம்னு சொன்னன்" என்றாள். "நோட்டு எழுதறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? பாட்டில்ல கோடு வேற. தண்ணி ஊத்தி அந்தக் கோட்டுக்குச் சரி பண்ணி வெப்பன், சில நாளு."

தையல்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். என் மூன்று மாதக் கணக்கு முழுவதும் தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மா தையல்காரர் பக்கம் திரும்பினாள். "மாலைன்னா நாளு கணக்கு இருக்கு. இத்தினி நாளுன்னு பல்லக் கடிச்சிக்கினு இருந்துடுவன். அதுவும் இந்த வருசம் முடியல. உங்க இதுக்கு எத்தினி நாளு?"

"எங்களுக்கு ஒரு நாளுதான்கா. இன்னைக்கு. நாளைக்கு வந்தா அதுவும் இன்னைக்குதான்."

அம்மா எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "பொம்பளைங்க யாரும் வர்றதில்லியா?"

"இல்லக்கா. நீதான் மொத ஆளு."

"மொதல்ல கண்ணு. அப்புறம் ஆஸ்பத்திரில சேர்றன். அப்புறமாத்தான் உங்க கூட்டம்" என்றாள். தையல்காரரும் அதுதான் சரி என்றார். தினமும் குடித்த உடம்பு, வீட்டிலேயே பட்டென்று நிறுத்தினால் ஆபத்து, டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும் என்றார்.

அம்மா சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. மறுநாள் கண் டாக்டர், கண்ணாடி. அதற்கடுத்த வாரம் மருத்துவமனையில் சேர்ந்தாள். முதல் நான்கு நாள் நான் பார்க்க விரும்பாத நாட்கள். மூன்றாம் நாள் கொத்தனார் தன் மனைவியோடு வார்டுக்கு வந்தார். இரண்டு பெண்களும் அவரைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

கண் முகாம் என்று பொய் சொல்லாமல் நேராகக் கேட்டிருந்தால் அம்மா வந்திருப்பாளா என்று இப்போதும் யோசிப்பதுண்டு. தெரியாது. நான் கேட்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்த ஆறு பேரில் யாருடைய முழுப் பெயரும் எனக்கு இன்றுவரை தெரியாது. தங்களால் நிற்க முடியாத இடம் என்று தெரிந்தும், யாரோ ஒரு பெண்ணுக்காக ஒருவர் தோளை ஒருவர் ஒட்டிக்கொண்டு அங்கே போய் நின்றார்கள். உதவி என்ற சொல்லை நான் பயன்படுத்தும் போதெல்லாம் இப்போது அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைய நிலவரம் இது. அம்மா கடைசியாகக் குடித்துப் பத்து மாதம் ஆகிறது. அதற்கு முன் மூன்று முறை தவறினாள். மூன்றையும் அவளே மாடியில் சொன்னாள். கரும்பு வெட்டப் போவதை நிறுத்திவிட்டு, நூறு நாள் வேலைக்கும் பூப்பறிக்கவும் போகிறாள். கல்லீரல் வீக்கம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. கொத்தனார் நடுவில் சில மாதம் வரவில்லை, இப்போது மறுபடி வருகிறார். கரியாலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மலையிறங்கி வர ஆரம்பித்திருக்கிறாள். கூட்டத்தில் பெண்கள் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தனியாகத்தான் பஸ் ஏறுகிறாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்பதில்லை. அவளே சொல்லிவிட்டுப் போகிறாள்.